ஆறாவது ஆள்

குற்றம் நடந்ததென்று ஒருவர் தகவல் சொன்னால், சொன்னதை எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, நகலை இலவசமாகத் தர வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 173. கட்சித் தகராறு என்றால் இரண்டு பக்கமும் தலைகள் சமமாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. வருவாய்த் துறையில் காலமெல்லாம் இந்த மாதிரிப் புத்தகங்களைத்தான் படித்தேன். இருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

பிரசாரத்தின்போது எங்கள் பேருந்து நிறுத்தத்தில் யார் கொடிக்கம்பம் முன்னால் நிற்பது என்று இரு கட்சிக்காரர்களும் அடித்துக்கொண்டார்கள். அந்தக் கம்பங்களாலேயே. ஒருவருக்கு மண்டையில் ஏழு தையல், இன்னொருவருக்கு முழங்கை போயிற்று. பந்தோபஸ்துக்கு வந்த காவலர்கள் இருதரப்புக்கும் சம தூரத்தில் நின்று நடுநிலை காத்தார்கள்.

மாலையில் இரண்டு வழக்குகள். ஒரு பக்கம் ஆறு பேர், மறுபக்கம் ஐந்து. ஸ்டேஷன் ரைட்டருக்கு அது உறுத்தியிருக்கிறது. இன்னொரு பெயர் கேட்டார். ஐந்து பேர்மேல் புகார் கொடுத்தவர் யோசித்து, என் எதிர்வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார். போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். ஆதாரம், அவர் வாசலில் காய்ந்த கட்சிக்கரை வேட்டி. யாரோ கல்யாணத்தில் கொடுத்தது. அன்று அவர் மேச்சேரியில் ஆடு விலை பேசிக்கொண்டிருந்தார்.

வழக்கில் பெயர் இருந்தால் பாஸ்போர்ட் நிற்கும். ஆப்பிரிக்காவுக்குப் போகும் ரிக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது.

"ஏனுங்க சார், நான் ஊட்லயே இருந்திருந்தா தப்பிச்சிருப்பனுங்களா?" என்று கேட்டார். விதிப்புத்தகத்தில் அதற்கும் பதில் இல்லை.

ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார். ஒரு பக்கம் ஆள் குறைந்தால் மறுபக்கம் மறியலில் உட்கார்ந்துவிடும், ஊர் அமைதிதான் முக்கியம் என்று பொறுமையாக விளக்கினார். நான் தயாராக எழுதி வந்த மனுவை நீட்டினேன். எண்ணிக்கை குறையாமலிருக்க அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைச் சேர்க்கவும், எனக்கு வெளிநாடு போகும் உத்தேசமில்லை என்று கண்டிருந்தது.

"ஐயா, உங்கள எப்படிங்க சேர்க்கறது? நீங்க அங்க இல்லவே இல்லீங்களே."

"இவரும்தான் இல்லை."

ரைட்டர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டார். மனுவுக்கு ரசீது கேட்டேன். அப்போதுதான் இன்ஸ்பெக்டர் முகம் வாடியது.

பிறகு மேலதிகாரிக்கு மனு, இரண்டு நினைவூட்டல், எந்த விதிப்படி தலைகள் சமமாக்கப்பட்டன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி, முப்பது நாள் கடந்ததும் மேல்முறையீடு. இதற்குள் ரிக் குழு கிளம்பிவிட்டது. அவர் இடத்தில் முதலாளியின் மைத்துனர் போனார். அடுத்த குழு தை மாதம் போகும், வழக்கில்லை என்று காகிதம் இருந்தால் வா என்றார் முதலாளி.

சம்பவ இடத்தில் அவர் இல்லாததால் பெயர் நீக்கப்பட்டது, தாங்கள் கேட்கும் விதி இவ்வலுவலகத்தில் இல்லை என்ற இரண்டு வரிப் பதில் பதிவுத் தபாலில் எங்களுக்கு வந்த நாள், ஆடிப் பதினெட்டு.