கழன்ற பிளக்கைக் கழற்றிய கதை

என் காது இரண்டும் தப்பான மடியில் குத்தப்பட்டவை. அதனால் வந்த வினைதான் இது.

காதுகுத்து அன்றைக்குக் கடலூரிலிருந்து வர வேண்டிய என் தாய்மாமா ஏறிய பஸ், குறிஞ்சிப்பாடியில் படுத்துக்கொண்டது. மைன்ஸில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்கோ இரண்டு மணிக்கு ஷிஃப்ட். பொறுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் மடியில் என்னை உட்காரவைத்துக் குத்தச் சொல்லிவிட்டார். வரிசைத் தட்டோடு மாமா வந்து நின்றபோது நான் அழுது முடித்து லட்டு தின்றுகொண்டிருந்தேன். மாமா தட்டை இறக்கி வைத்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

அதிலிருந்து இரண்டு வருஷம் அப்பாவும் அவரும் பேசிக்கொள்ளவில்லை. இருவருமே பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி. ஆனாலும் பொங்கலுக்கு மாமா வருவார், தங்கச்சி வீடாயிற்றே. அப்போதெல்லாம் நான்தான் தூது. ஒரே கூடத்தில் இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் சொல்வதை நான் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எட்டு வயதில் வேறு யார் என் பேச்சைக் கேட்டார்கள்?

அந்தச் சனிக்கிழமை காலையில் மாமா தோளில் ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். கடலூர் முதுநகர் உப்பங்கழியில் ஆள் ஏற்றும் படகு ஓட்டுபவர் அவர். மூட்டைக்குள் இருந்தது அந்தப் படகின் மோட்டார். பஸ்ஸில் மாமாவுக்கு உட்கார இடமில்லையாம், மோட்டாருக்குக் கிடைத்ததாம்.

மோட்டாரின் அடிப்பெட்டிக்குள் உப்புத்தண்ணீர் புகுந்துவிட்டது. பழைய எண்ணெயை வடித்து, வாஷர் மாற்றி, புது எண்ணெய் விட வேண்டும். வடிப்பதற்கு அடியில் ஒரு திருகு இருக்கிறது, டிரெயின் பிளக் என்பார்கள். அது உப்பு பிடித்து இறுகிப்போயிருந்தது. "திங்கக்கிழமை மோட்டார் ஓடலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்னுட்டாரு மொதலாளி" என்று மாமா அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா, சைக்கிளை நிறுத்திவிட்டு மோட்டாரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"மண்ணெண்ண ஊத்தி ஊறவச்சாரான்னு உங்க மாமாவக் கேளு" என்றார் என்னிடம்.

"ராவெல்லாம் ஊறிச்சின்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்றார் மாமா.

"மொதல்ல கொஞ்சம் இறுக்கிட்டு, அப்பறமா கழட்டணும்னு சொல்லு."

"ஏற்கெனவே இறுகிக்கினு கெடக்குது, அத்த இன்னும் இறுக்குவாங்களான்னு கேளு."

அப்பா தோளைத் துண்டால் தட்டிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். மாமா தனியாக மல்லுக்கட்டினார். அவருடைய ஸ்குரூ டிரைவர் வழுக்கி வழுக்கி, முனை உட்காரத் திருகின் தலையில் வெட்டியிருக்கும் காடியே சிதைய ஆரம்பித்தது. கடைசியில் விரல் முட்டியும் பெயர்ந்து ரத்தம் வந்தது. அம்மா மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே, "ஒரு வார்த்த கேட்டா வாயிலேர்ந்து முத்தா உதிந்துடும்?" என்றாள்.

"என் மடிய அவரு மதிக்கல. அவரு கைய நான் எதுக்குக் கேக்கணும்?" என்றார் மாமா. சாப்பிட்டார், பாயை விரித்தார், குறட்டை விட்டார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். அப்பா பூனை போல வந்து மோட்டாரைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார். ஒரு ஸ்குரூ டிரைவரின் முனையை அந்தக் காடிக்குச் சரியாக அரத்தால் ராவினார். வெந்நீரில் நனைத்த துணியைப் பிளக்கைச் சுற்றிக் கொஞ்ச நேரம் போட்டு வைத்தார். சத்தம் வராமல் இருக்கக் கைப்பிடிமேல் துண்டை மடித்து வைத்து, சுத்தியலால் நாலு தட்டு. முதலில் ஒரு துளி இறுக்கினார், பிறகு எதிர்ப்பக்கம். பிளக் கழன்று வந்தது. நசுங்கிய வாஷரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பிளக்கை மறுபடியும் அதே இடத்தில் விரலாலேயே திருகி வைத்துவிட்டு சைக்கிளில் எங்கோ போய்விட்டார்.

எனக்கு ஒரே கோபம். கழற்றியதைத் திரும்ப மாட்டினால் என்ன நியாயம்? மாமா வேலை போக வேண்டும் என்பதற்காகத்தானே? அவர் எழுந்ததும் காதில் சொன்னேன். "மாமா, அது கழண்டுடுச்சி. அப்பா கழட்டி வேணும்னே திரும்ப மாட்டிட்டாரு."

மாமா போய்ப் பிளக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். அது லேசாகச் சுழன்றது. அதைப் பழையபடியே திருகி வைத்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாத, கண்ணு" என்றார்.

அப்பாவின் சைக்கிள் வாசலில் வந்து நின்றதும் மாமா குரலை உயர்த்தினார். "மாப்ள, ஒரு கை குடுங்க. என்னால ஒண்டியா முடியல."

அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"அப்பவே கூப்புட்டிருக்கலாம் இல்ல மச்சான்" என்று அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார்.

மாமா மோட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, அப்பா திருகினார். அடேயப்பா, என்ன முக்கல், என்ன முனகல். "விடாதீங்க மாப்ள." "கெட்டியா புடிச்சிகினு இருங்க மச்சான்." நெற்றி நரம்பு புடைக்க, விரலால் திருகினாலே வரக்கூடிய ஒரு பிளக்கை இரண்டு பேரும் கழற்றினார்கள். மோட்டாரை நிமிர்த்தியதும் எண்ணெய் மோராக வடிந்தது. பிளக்கில் வாஷர் இல்லை. எங்கே என்று மாமா கேட்கவில்லை. அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு புதுச் செம்பு வாஷரை எடுத்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. அளவு எப்படித் தெரிந்தது என்றும் மாமா கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பிளக் கழன்றதற்கு யாராவது அழுவார்களா?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். மோட்டார் நன்றாக ஓடுவதாக மறுவாரம் கார்டு வந்தது. மாமாவின் வேலை நிலைத்தது, என் வேலைதான் போயிற்று. அடுத்த பொங்கலுக்குக் கூடத்தில் அவர்கள் பேசிய பேச்சில் என்னைச் சீந்துவார் இல்லை. நான் உம்மென்று மூலையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் சொல்லி அனுப்பாமல் நானாகக் கொண்டுபோன ஒரே செய்திதான் என் வேலைக்கு உலை வைத்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.