பொத்தான் மாமா திருடிய கதை

நூலகப் பரிசு, பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு கதை, பிள்ளைகள் படித்துப் படித்தே கிழித்துவிட்ட ஏழு புத்தகங்கள். சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரி, நெஞ்சு நோயோடு படுத்துவிட்ட கணவர், ஒற்றை அறை, வாயாடி மகள்: இத்தனைக்கும் நடுவே தங்கை ஜெயித்தவை இவை. ஆனால் அக்காவைக் கேட்டால் வேறொன்றைத்தான் முதலில் சொல்வாள்.

வேலை முடிந்து வரும் வழியில் தங்கை அக்காவின் தையல் கடையில் காலை நீட்டி உட்காருவாள். இஸ்திரிப் பெட்டியோடு மனதுக்குள் ஓட்டிய கதையைக் கண்ணை மூடியபடியே சொல்வாள். துணிக்கு அளவு வெட்டிய காகிதத்தின் பின்பக்கம், வரி கோணாமல், அக்கா எழுதுவாள். பாதியில் தங்கைக்குத் தலை சரியும்.

"அடியே, யானை இன்னும் கிணத்துக்குள்ளதான் கிடக்கு. அதைத் தூக்கி விட்டுட்டுத் தூங்கு!"

பத்திரிகையில் அவை 'பொத்தான் மாமா' என்ற பெயரில் வந்தன. "மாமான்னாதான் பிள்ளைங்க நம்பும். துணி தேய்க்கிற பொம்பளைன்னா யாரு வாங்குவா? வீட்டுலகூட மூச்சு விடாதீங்க" என்றார் பத்திரிகை ஆசிரியர். முதல் புத்தகத்துக்கும் அதே பெயர்தான் என்றார். அக்கா கொதித்தாள்.

"விடுக்கா. பேருக்காக மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்ல."

மகளோ, "உனக்குக் கதையே சொல்ல வரலம்மா. பொத்தான் மாமாகிட்ட கத்துக்கோ" என்பாள்.

ஒருமுறை மகளுக்குக் காய்ச்சல். அலுப்பில் வேறெதுவும் தோன்றாமல், அச்சுக்குப் போயிருந்த யானைக் கதையையே தங்கை சொல்லித் தொலைத்தாள்.

இதழ் வந்தது. புத்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அக்காவும் தங்கையும் மகளோடு பத்திரிகை அலுவலகத்துக்குப் போன அன்று, மேசைமேல் கிடந்த இதழை மகள் புரட்டினாள்.

"உங்க மாமா திருடன்! இது எங்கம்மா சொன்ன கதை!"

பத்திரிகை ஆசிரியர் தங்கையைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

"சொல்லும்மா! ஏன் வாயை மூடிட்டிருக்கே?"

தங்கை களைத்துப்போய்ச் சிரித்தாள். "மாமா திருடலடி. மாமாவே நான்தான்."

"அப்ப எதுக்கு அவரு பேரைப் போட்டிருக்கு?"

தங்கை பத்திரிகை ஆசிரியர் பக்கம் திரும்பினாள்.

"ஊருக்குப் பொய் சொல்லிடலாம் சார்," என்றாள் தங்கை. "இவளுக்குப் பதில் சொல்லி மாளாது. என் பேரைப் போடுங்க. இல்லன்னா கதைகளைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

அவர் முனகியபடி, 'பொத்தான் மாமா'வை அடித்துவிட்டுத் தாளை நீட்டினார். தாள் நகராமல் அக்கா ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். தங்கை தன் பெயரை முழுதாக எழுதினாள். தேதி போட மறந்துவிட்டாள். அதை அக்காவே, வரி கோணாமல், கீழே எழுதினாள்: 9 மார்ச் 1972.