அலிபியும் மூடிய கதவும்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இன்று மலாக்காவில் என் லாரிகளைத் தெரியாதவர் இல்லை. லாரி வழக்கு ஒன்றில் வக்கீல் ‘அலிபி’ என்றார். என்னவென்று விடாமல் கேட்டேன். லத்தீனிலிருந்து இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்ட சொல்லாம். ‘வேறு’, ‘அங்கே’ என்று பொருள்படும் இரண்டு சொற்கள் சேர்ந்து ‘வேறிடத்தில்’ என்று ஆனதாம். குற்றம் நடந்தபோது நான் வேறிடத்தில் இருந்தேன் என்று கோர்ட்டில் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்தச் சாட்சியத்துக்கே அது பெயராகிவிட்டதாம்.

பெயர் தெரியாமலே அதை நான் ஜப்பான்காரன் காலத்தில் அனுபவித்துவிட்டேன்.

அப்போது அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்கினேன். என் தோளுக்கு ஈடாக அங்கே ஒரு தோள் கிடையாது. மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் ஒரு மலாக்கா செட்டி வீட்டுப் பின்னறையில் குடியிருந்தேன். எப்போதோ வந்து இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வழிவந்தவர்கள். அவர்கள் திருநீறு பூசுவார்கள், பேச்சு மட்டும் மலாய். அன்று எனக்கு வேலை இல்லை. அவர்கள் முன்னோருக்குப் படைக்கும் நாள். காலையிலிருந்து கூடமாட வேலை செய்தேன். மாலையில் இலை போட்டுப் பரிமாறி, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். முன்னோர் சாப்பிடும்போது யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

அந்த நேரம் பார்த்து ஒரு ஜப்பான் சிப்பாயும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் வந்தார்கள். மதியம் கிடங்கில் அரிசி மூட்டை காணோமாம். நான் இங்கேதான் இருந்தேன் என்றேன்.

“நீ சொன்னா ஆச்சா? யாரு பார்த்தா? சயாம் ரயில் ரோட்டுக்குப் போறியா?” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதைக்குக் கூலியாகப் பிடிபட்டுப் போனவர்கள் யாரும் அதுவரை திரும்பி வந்திருக்கவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகப் பேசினால் அவரையும் சேர்த்துக் கொண்டுபோவார்கள். பேச மாட்டார் என்றே நினைத்தேன்.

அவர் மெல்ல நடந்துபோய்க் கதவைத் திறந்தார். அவர் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். இலைகளில் மரவள்ளிக்கிழங்கு, மீன், வாழைப்பழம். ஒரு பருக்கை சோறு இல்லை.

இவன் காலையிலிருந்து இங்கே உட்கார்ந்து உரித்த கிழங்கு இது என்று வீட்டுக்காரர் மலாயில் சொன்னார். வீட்டில் திருட்டு அரிசி இருந்தால் மூத்தவர்களுக்குக் கிழங்கா வைப்பேன் என்றும் கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் சிப்பாயிடம் ஏதோ சொன்னார். சிப்பாய் இலைகளை வெகுநேரம் பார்த்தான். பிறகு என் கன்னத்தில் ஓர் அறை விட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்காரர் புது இலை வெட்டச் சொன்னார். மறுபடி விளக்கேற்றிக் கதவைச் சாத்தினார்கள். நான் தெருவைப் பார்த்து நின்றேன்.

இன்றும் எந்தக் கடைக்குள் போனாலும் யாரிடமாவது நாலு வார்த்தை பேசாமல் வெளியே வரமாட்டேன். என்னைப் பார்த்ததாகச் சொல்ல ஓர் ஆள் இருக்கட்டும்.