வரி கட்டுகிறவர் வீட்டுச் சாப்பாடு

என் கணவர் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தவரை, சம்பளம் வரும் நாளெல்லாம் வீட்டில் ஒரே புலம்பல்தான். கைக்கு வரும் முன்பே வருமான வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள், கடைக்காரர்களை யாரும் கேட்பதில்லை என்பார். அதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் பட்டது.

ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் என் அக்கா நாலு வீடுகளில் சமையல் வேலை செய்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தாபுராவில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். டிவியில் அரசாங்கத்தின் பற்றாக்குறை பற்றிச் சிலர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அக்கா என் கணவரிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள். "தம்பி, பொம்பளைங்களுக்கு மாசாமாசம் போடுற பணம் வரவேயில்லையே. சர்க்கார்ல துட்டு இல்லையா?"

"எப்படிக்கா இருக்கும்? பஸ் ஃப்ரீ, கரென்ட் ஃப்ரீ. எல்லாம் எங்க தலையிலதான். நாங்க கட்டுறோம், நீங்க உக்காந்து சாப்பிடுறீங்க."

அவர் பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் அக்கா அப்போது எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "சரிதான் தம்பி" என்று எழுந்து கை கழுவிக்கொண்டாள். தட்டில் மீன் அப்படியே கிடந்தது.

பஸ் ஏற்றிவிடப் போனபோது, "அவரு மனசுல ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

"நான் என்னைக்குடி உக்காந்து சாப்பிட்டேன்?" என்றாள்.

அடுத்த வருஷம் அவருக்கு வேலை போனது. காலையில் ஒரு வீடியோ கால். மதியத்துக்குள் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கணக்கு முடித்துக் கொடுத்த பணத்திலும் வரி பிடித்திருந்தார்கள். "இத்தனை வருஷம் கட்டினேனே, இப்ப எனக்கு யாரு தருவா?" என்று கேட்டார்.

பெண்களுக்கான அந்தப் பணத்துக்கு நான் எழுதிப்போடலாமா என்று அவருக்குத் தெரியாமல் சர்க்கார் ஆபீசில் போய் விசாரித்தேன். கணவர் வருமான வரி கட்டுபவர், கிடையாது என்றார்கள். வேலை போய்விட்டதைச் சொன்னேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவருக்கு வேலை போனதை அக்காவிடம் சொன்னபோது அழுதாள். வீட்டுக்கு ஒருதடவை வாயேன் என்றேன்.

"வேணாம்டி. இப்ப வந்தா, குத்திக் காட்ட வந்தேன்னு நெனைப்பாரு."

இப்போது அவர் அத்திபெலேயில் ஒரு குடோனில் சரக்குக் கணக்குப் பார்க்கிறார். வரி பிடிக்கும் அளவுக்குச் சம்பளம் இல்லை. அக்காவிடம் போனிலாவது பேசுங்கள் என்று பலமுறை சொல்லிவிட்டேன்.

"என்னன்னு பேசுறது?" என்கிறார்.