மருந்துக்காரர் திருத்திய வார்த்தை

என் வீட்டுக்காரரை யாராவது நல்லவர் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லவரோடு குடும்பம் நடத்திப் பார்த்தால்தானே தெரியும்!

அவருக்குப் பூச்சிமருந்து அடிக்கும் வேலை. எல்லோருக்கும் அவர் மருந்துக்காரர். கட்டில் சந்து, மெத்தைத் தையல், சுவிட்ச் பெட்டிக்குப் பின்புறம் என்று டார்ச்சும் கையுமாகக் குப்புறக் கிடப்பார். வாரம் முழுக்க மூட்டைப்பூச்சி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள். சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்கான ஞாயிறு வகுப்பு அவருடையது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வகுப்புதான் அவருக்கு எல்லாம். சனிக்கிழமை சாயங்காலமே ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைத்துவிடுவார்.

அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு ஞாயிறு கடவுளின் படைப்பைப் பற்றிப் பாடம். சொல்லிவிட்டுச் சும்மா வரக் கூடாதா?

"முன்னெல்லாம் ஒரு தடவை அடிச்சாலே மூட்டைப்பூச்சி செத்துடும். இப்போ அதே மருந்துல குளிச்சிட்டுப் போகுது. தாக்குப்பிடிச்சது மட்டும் பிழைச்சு முட்டை போடுது, வம்சமே மாறிடுது. இதுக்குப் பேர் பரிணாமம். இப்படி மாறத் தெரிஞ்சதா படைச்சார் பாருங்க, அவர்தான் கடவுள்" என்றிருக்கிறார். சர்ச் செயலாளரின் பேத்தி வீட்டில் போய் அப்படியே ஒப்பித்துவிட்டாள். பரிணாமம் வேதத்துக்கு விரோதம் என்று சர்ச்சில் புகைச்சல் கிளம்பிவிட்டது.

சாமியே இல்லை என்று திரியும் என் தம்பி வேறு போனில் பிடித்துக்கொண்டான். "மாமா, பரிணாமத்தை ஒத்துக்கிட்டீங்கல்ல, அப்புறம் கடவுளுக்கு அங்க என்ன வேலை?"

"மாப்ள, பூச்சி மாறுறதைக் கண்ணால பார்க்கிறேன். படைச்சவர் இருக்கார்னு மனசுக்குத் தெரியுது. ரெண்டுல எதை விடச் சொல்ற?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இடி வாங்குவது அவர், வலிப்பது எனக்கு.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் கமிட்டி அவரைக் கூப்பிட்டது. நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். செயலாளர் கெட்டவர் இல்லை. பிரச்சினையை முடித்துவைக்கத்தான் பார்த்தார்.

"மருந்துக்காரரே, இதைப் பெரிசு பண்ண வேண்டாம். நான் பரிமாணத்தை நம்பலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அடுத்த வாரம் வழக்கம்போல வகுப்பை எடுங்க."

பரிமாணம்! நீளம், அகலம், உயரம்! மனுஷர் வார்த்தையையே மாற்றிச் சொல்லிவிட்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. கர்த்தரே கதவைத் திறந்துவிட்டார், இவர் நுழைந்து வர வேண்டியதுதான் பாக்கி. பரிமாணத்தை நம்பாவிட்டால் யார் குடி கெட்டுப்போகும்? 'சொல்லித் தொலைங்க' என்று அவர் தொடையில் கிள்ளினேன்.

எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ஐயா, அது பரிமாணம் இல்லீங்க. பரிணாமம்."

அடப்பாவி மனுஷா!

செயலாளர் முகம் சிவந்துவிட்டது. "சரி, அதைத்தான் சொல்றேன். அதை நம்பலன்னு சொல்லுங்க."

"அதைச் சொல்ல முடியாதுங்களே."

அவ்வளவுதான், வகுப்பு போயிற்று. இனிமேல் செயலாளரே எடுப்பாராம். வீடு வந்து சேரும்வரை என் வாய் ஓயவில்லை. "மூட்டைப்பூச்சிகூட மாறுதுன்னு சொல்றீங்க. நீங்க மட்டும் ஏங்க மாறவே மாட்டேங்கிறீங்க?"

"அவர் வாய் தவறினதை வச்சு நான் தப்பிச்சா, பிள்ளைங்க முகத்தை எப்படிம்மா பார்க்கிறது?"

"இப்போ மட்டும் பார்க்கப் போறீங்களாக்கும்!"

கோபத்தில்தான் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமையும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். மறுநாள் சர்ச்சில் பிள்ளைகள் வகுப்புக்கு மணி அடித்ததும் பழக்கத்தில் எழுந்துவிட்டார். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"உட்காருங்க."

உட்கார்ந்தார். பக்கத்து அறையில் செயலாளர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது கேட்டது. கடவுள் எல்லாவற்றையும் படைத்தார், நல்லதாகவே படைத்தார் என்று ஒவ்வொரு வரியாகச் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். என் பக்கத்தில் இந்த மனுஷரும் உதட்டை அசைத்துக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார்.