கீழே இறங்கிய முள்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் பெங்களூரு நீலசந்திராவில் குடியிருந்தோம். அத்திபெலேயில் என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். என் பழைய காரில் நானும் மனைவியும் கிளம்பினோம்.

முந்தைய வருடம் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அவளுக்கும் என் மனைவிக்கும் வாக்குவாதமாகிப் பேச்சே நின்றுபோயிருந்தது. அதனால் மனைவி மறுபேச்சில்லாமல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வண்டியில் ஏறியதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பாதி வழியில் ஏதோ சாக்குச் சொல்லித் திரும்ப வைக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

ஓசூர் சாலையில் அவள் ஆரம்பித்தாள். "என்னங்க, வெல்லப்பாகு காயற மாதிரி வாசனை வருது. ஓரமா நிறுத்திப் பாருங்களேன்."

"உன் நாத்தனார் வீட்ல பாகு வெக்கறாங்க போல. இங்க வரைக்கும் மணக்குது!"

"கிண்டல அப்புறம் வெச்சுக்கோங்க. சத்தமும் ஒரு மாதிரி இருக்கு."

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். எப்போதும் நடுவில் நிற்பது, அன்று கீழே இறங்கிக் குளிர்ந்திருப்பதாகக் காட்டியது. சாக்குதான் என்று முடிவுகட்டினேன்.

ஹெப்பகோடி தாண்டியதும் வண்டி இழுக்க முடியாமல் திணறி நின்றது. இறங்கி பானெட்டைத் தூக்கினேன். ரேடியேட்டர் மூடியில் கைக்குட்டையைப் போட்டேன். "கொஞ்சம் ஆறட்டுங்க" என்றாள். நல்ல நேரம் தாண்டட்டும் என்று பார்க்கிறாள், அதற்கும் இடம் கொடுக்கக் கூடாது என்று நினைத்து மூடியைத் திருகினேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அதே நொடியில் மூடி தெறித்தது. என் முகத்துக்கு வர வேண்டிய கொதிநீர் அவள் முன்கையில் கொட்டியது.

பக்கத்து டீக்கடைக்காரர் குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்து, நிறுத்தாமல் அவள் கையில் ஊற்றினார். எஞ்சினைக் குனிந்து பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. குழாயில் கீறல் விழுந்து, எஞ்சினைக் குளிர்விக்கும், தித்திப்பாக மணக்கும் கூலன்ட் கலந்த தண்ணீர் வழி நெடுக ஒழுகியிருந்தது. தண்ணீர் மட்டம் இறங்கியதும், சூட்டை அளக்கும் சென்சார் வெறும் காற்றில் நின்றிருக்கிறது. முள் அதனால்தான் இறங்கியது. தெர்மாமீட்டரின் குமிழ் நீரில் மூழ்கியிருக்க வேண்டும் என்று பள்ளியில் வருடக்கணக்காகப் பாடம் நடத்தியவன் நான்.

டாக்டரிடம் கட்டுப்போட்டுக்கொண்டதும், வீடு திரும்பலாம் என்றேன். அவள்தான் அத்திபெலேக்கு ஆட்டோ பிடிக்கச் சொன்னாள்.

வாசலில் நின்ற தங்கை, மனைவியின் கையிலிருந்த கட்டைக் கவனிக்காமலே, "வாங்க அண்ணி. ஏதாவது சாக்குச் சொல்லி நின்னுடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"சொல்லிப் பாத்தேன். உங்கண்ணன்தான் கேக்கலையே!" என்று மனைவி சிரித்தாள். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். கையில் என்ன கட்டு என்று தங்கை கேட்டபோது, வண்டி ரிப்பேர் என்று மட்டும் மனைவி சொன்னாள். பக்கத்திலேயே நின்றிருந்த நான் வாயைத் திறக்கவில்லை.

தழும்பு மங்கிவிட்டது. அன்று அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று வழியெல்லாம் யோசித்த நான், அவள் சொல்வது உண்மையா என்று ஒரு நிமிடம் இறங்கிப் பார்க்கவில்லையே என்பதுதான் இந்த வயதிலும் என்னைச் சுடுகிறது.