அங்கம்மாளின் மலையும் மேஸ்திரியின் அரை மீசையும்

ஓரிக்கை அங்கம்மாள் பாலாற்று மணலில் ஒரு டிரான்சிஸ்டரைப் புதைத்து வைத்திருக்கிறாள் என்று அறுபத்தேழாம் வருஷம் காஞ்சிபுரம் முழுக்கப் பேச்சு. ஜவ்வாது மலையில் எப்போது மழை என்று அதுதான் அவளுக்குச் சொல்கிறதாம். மலையில் பெய்கிற மழையை மட்டும் சொல்கிற ரேடியோ எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

விசாரித்ததில், அவளுடைய கீற்றுக் கொட்டகையில் இருந்தவை மண்வெட்டி, குடம், புகையிலைப் பொட்டலம். மணலில் புதைந்திருந்தவை வெள்ளரி வேர்கள். கூடவே இன்னொன்றும் தெரியவந்தது. மலைக்கே ஜாதகம் கணித்த அந்த அம்மாள் மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. மேற்கே அவள் போன தூரம் காவேரிப்பாக்கம் சந்தை.

கோடையில் காய்ந்த ஆற்றுக்குள் பாத்தி கட்டி வெள்ளரி போடுகிறவளுக்கு ஊர் வானம் எதற்கு? மலையில் கொட்டினால் ஆறு வரும். வந்தால் கொடியை வேரோடு வாரிக்கொண்டு போகும். ஆகவே அவள் மலையைத்தான் கவனித்தாள், சிட்டிபாபுவின் பலாப்பழ லாரியை வைத்து. அடிவாரத்தில் ஏற்றிய பழம் விடிந்தால் மார்க்கெட்டில் இறங்கும். வழியில் நாலு டீக்கடையில் நின்றாலும் லாரி ஆற்றை முந்திவிடும். பழத்தின் முள்ளிடுக்கில் ஒட்டிய செம்மண்ணை அவள் நகத்தால் கீறிப் பார்ப்பாள். புழுதியாக உதிர்ந்தால் பயமில்லை. பசைபோல் ஒட்டினால் மலை நனைந்திருக்கிறது.

"தெனம் தடவிக்கினே இருக்கியே, ஒரு நாளாவது வாங்குவியாம்மா?" என்பான் சிட்டிபாபு.

"உன் பழத்த எவன் துன்னுவான்பா? மண்ணு நல்லா இருக்குது."

பிள்ளையார்பாளையத்துப் பாவு மேஸ்திரி சீனிவாசனுக்கு அவள்மேல் தீராத கோபம். ஒரு நாள் அவள் "மழை" என்றது காதில் விழ, தறிக்கு ஏற்றத் தெரு நீளத்துக்கு விரித்திருந்த பட்டு நூல் பாவை அவசரமாகச் சுருட்டச் சொல்லிவிட்டார். அன்று தெருவில் அப்பளம் காயப்போடலாம், அப்படி ஒரு வெயில். அவள் சொன்னது மலைக்கு. அவர் எடுத்துக்கொண்டது தன் தெருவுக்கு.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை, மண் நகத்தை விடமாட்டேன் என்றது. அங்கம்மாள் பாத்திக்கு வந்து நின்றாள். கொடி நிறையப் பிஞ்சு, விரல் நீளம். இன்னும் நாலு நாள் விட்டால் காயாகி நல்ல விலைக்குப் போகும். அந்த வருஷத்துச் சோறு முழுக்க அந்தக் கொடியில்தான் தொங்கியது. மேலே மேகம் என்று சொல்ல ஒரு துணுக்குக்கூட இல்லை. அவள் வானத்தைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். கடைசியில் நகத்தை நம்பினாள்.

பிஞ்சு மூட்டைகள் மார்க்கெட்டில் இறங்கியபோது மேஸ்திரி காத்திருந்ததுபோல் வந்தார்.

"இன்னா அங்கம்மா, உன் ரேடியோ கொழந்தைங்களையும் அறுக்கச் சொல்லிச்சா?"

"நாளைக்கி ஆறு வருது மேஸ்திரி."

"வந்தா இந்தப் பக்கத்து மீசைய எடுத்துடறேன். வரலன்னா?"

"இனிமே மலைப் பேச்சே எடுக்க மாட்டேன். ஊரே கேக்கட்டும்."

மறுநாள் மத்தியானம்வரை ஆற்றில் மணல்தான். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் சாப்பிடப் போய்விட்டார்கள். மேஸ்திரி மட்டும் சைக்கிளைச் சாத்திவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். மொட்டைப் பாத்தியின் நடுவில் அங்கம்மாள் இடுப்பில் கைவைத்து மேற்கே பார்த்து நின்றாள்.

பொழுது சாய்ந்தபோது சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு செந்நிறத்தில் ஒரு கீற்று வந்தது. முதலில் அவள் கால்விரலை நனைத்தது. அவள் நகரவில்லை. கணுக்கால் நனைந்தது, அப்போதும் நகரவில்லை. முழங்காலுக்கு ஏறிப் பாத்திகளையெல்லாம் கரைத்த பிறகுதான், வந்த விருந்தாளியை வீட்டுக்குள் விட்டுவிட்டு வருகிறவள்போல் நிதானமாகக் கரையேறினாள். கரையில் இருந்தவர்கள் தாமாக வழிவிட்டார்கள். ஒருவர் தலைத்துண்டைக்கூட இறக்கினார். வியர்வை துடைக்கத்தான் என்று பிற்பாடு சாதித்தார்.

"மேஸ்திரி, மீசை?"

"பொண்ணு கல்யாணம் முடியட்டும்மா. அரை மீசையோட பந்தல்ல நிக்க முடியுமா?"

பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது. பேரனுக்குக் காதும் குத்தியாயிற்று. இப்போதும் மார்க்கெட்டில் அவள் தலை தெரிந்தால் மேஸ்திரி மேல்துண்டால் வாயை மூடிக்கொள்கிறார், பல்வலியாம். துண்டுக்குள் மீசை இரண்டு பக்கமும் முழுசாகத்தான் இருக்கிறது.